புதிய நர்ஸ் தயங்காமல் வேலை செய்ய வார்டை எப்படி நடத்துவது? இன்சார்ஜ்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக வந்த ஸ்டாஃப் நர்ஸ் மூன்று மாதத்தில் ஒன்று தேறிவிடுவார், இல்லாவிட்டால் ஒடுங்கிப்போவார். ஒரே காலேஜில் படித்து ஒரே சமயத்தில் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் நைட் டூட்டியைத் தனியாகச் சமாளிக்கிறார். இன்னொருவருக்கு ஊசித் தட்டை எடுத்தாலே கை நடுங்குகிறது. படிப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. அவர்கள் போய்ச் சேர்ந்த வார்டை யார், எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் அரசு மருத்துவமனையிலோ நர்சிங் ஹோமிலோ புதிதாக இன்சார்ஜ் (வார்டை நடத்தும் சீனியர் நர்ஸ்) பொறுப்பு ஏற்றவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புது இன்சார்ஜ்கள் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடு நல்ல காரியங்களைத்தான் செய்கிறார்கள், ஆனால் முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்கிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

ஒரே ஒரு அடிப்படை தெரிந்தால் போதும். ‘இந்த வேலை என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதினார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மதிப்புக்குரியவர் சொல்லும் வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இதில் முதலாவதுதான் பலமானது. ஆனால் நம் வார்டுகளில் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். ‘தைரியமா இரும்மா, எல்லாம் வந்துடும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதனால் ஒன்றும் வருவதில்லை.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

உங்கள் வார்டில் ஒரு நர்ஸ் தனியாகச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று வேண்டும். பதினைந்திலிருந்து இருபது போதும். ‘ஐவி போடுதல்’ போலச் செய்முறைகள் மட்டும் இல்லாமல், ‘இரவில் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுதல்’, ‘சத்தம் போடும் அட்டெண்டரிடம் (நோயாளியோடு வந்திருப்பவரிடம்) பேசுதல்’ போன்றவையும் அதில் இருக்க வேண்டும்.

ரோஸ்டரில், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற டூட்டி அட்டவணையில், கை வைக்கும் அதிகாரம் வேண்டும். இல்லையென்றால் நர்சிங் சூப்பரின்டென்டெண்டிடம் முன்கூட்டியே பேசி, புதியவர்களுக்கு முதல் ஆறு வாரம் வேறு வார்டு டூட்டி போடாமல் இருக்கக் கேட்டு வாங்குங்கள். நாளுக்கொரு வார்டு மாறினால் கீழே சொல்லும் எதுவும் நடக்காது.

மூன்றாவதாக, ஒன்றிரண்டு வருட அனுபவம் உள்ள ஒரு சிஸ்டரோ பிரதரோ வேண்டும். இருபது வருட அனுபவம் உள்ளவர் வேண்டாம். காரணம் நான்காம் படியில் வருகிறது.

1. முதலில் உங்களை எடை போடுங்கள்

புதியவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் பேச்சைக் கவனியுங்கள். ஒரு சின்ன நோட்டில், ஜூனியரிடம் நீங்களாகப் போய்ப் பேசியபோதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். தப்பைச் சொல்லப் பேசியது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம்.

நம் வார்டுகளில் பொதுவாக மூன்று வகை இன்சார்ஜ்களைப் பார்க்கலாம். தப்பு நடந்தால் மட்டும் வாய் திறப்பவர் ஒருவர். ரிஜிஸ்டரும் இன்டெண்டும் (வார்டுக்குப் பொருள் கேட்டு எழுதும் சீட்டு) சரியாக இருந்தால் போதும் என்று அறையிலேயே இருப்பவர் ஒருவர். கூடவே நின்று, ஒவ்வொருவரையும் அடுத்த படிக்கு ஏற்றிவிடப் பார்ப்பவர் ஒருவர்.

இரண்டாவது வகைதான் மோசம் என்பது என் கருத்து. திட்டுகிற இன்சார்ஜிடம்கூட எது சரி, எது தப்பு என்று தெரிந்துவிடும். ஆளே இல்லாத இன்சார்ஜிடம் புதியவர் தான் செய்தது சரிதானா என்றே தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறார். சரியாகச் செய்ததுகூட அவருக்கு நம்பிக்கையாக மாறுவதில்லை.

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இதைச் செய்யாமல் புதியவரை அளந்தால் அவர் தயங்குவதற்கெல்லாம் அவரே காரணம் என்று தோன்றும். ஒரு வார நோட்டைப் பார்த்தால் கணக்கு மாறும்.

2. வேலை வாரியாக அளந்து பாருங்கள்

பட்டியலைப் புதியவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் நேராக 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ‘இதைத் தனியாகச் செய்ய உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?’ என்பது மட்டுமே கேள்வி. இது பரீட்சை இல்லை, ஃபைலில் போகாது என்று சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

‘அந்தப் பொண்ணுக்குத் தன்னம்பிக்கையே இல்ல’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ட்ரெஸ்ஸிங்குக்கு 90 போடுபவர் ரத்தம் ஏற்றுவதற்கு 30 போடுவார். எங்கே குறைவு என்று தெரிந்தால்தான் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியும்.

அடுத்த சில நாட்களில் அவர் வேலை செய்வதைப் பார்த்து நீங்களும் தனியாக ஒரு மதிப்பெண் போடுங்கள். கை நன்றாக இருந்தும் நம்பிக்கை குறைவாக இருப்பவருக்கு வாய்ப்புதான் மருந்து. நம்பிக்கை அதிகமாகவும் கை குறைவாகவும் இருப்பவர் நோயாளிக்கு ஆபத்து, அவருக்கு மேற்பார்வை கூடுதலாக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னால் ஒருவர் இன்னும் பயப்படுவார், இன்னொருவர் இன்னும் துணிவார்.

வடசென்னைக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தெற்கு மாவட்டங்களில் படித்துவிட்டு வரும் பலர் மதிப்பெண் குறைவாகப் போடும் இடம் அட்டெண்டரிடம் பேசுவது. காசிமேட்டிலிருந்து ஒரு நோயாளி வந்தால் கூடவே பத்துப் பேர் வருவார்கள். ‘இன்னா சிஸ்டர், இவ்ளோ நேரமா நிக்கிறோம், யாரும் வந்து பாக்கல’ என்ற குரலைக் கேட்டதும் புதியவர் தன்னைத் திட்டுவதாக நினைத்துவிடுகிறார். அது பெரும்பாலும் பதற்றம், கோபம் இல்லை. இந்த ஊரில் பாசத்தையும் அதே சத்தத்தில்தான் சொல்வார்கள். ‘அண்ணே, நீங்க ஒருத்தர் மட்டும் என்கூட வாங்க, என்ன நடக்குதுன்னு சொல்றேன்’ என்று ஒருவரைத் தனியே அழைத்துப் பேசினால் மீதிப் பேர் தானாக அடங்குவார்கள். இதை ஒரு செய்முறையாகவே சொல்லிக்கொடுங்கள். ‘போகப் போகப் பழகிடும்’ என்று விடாதீர்கள். பழகுவதற்குள் வேலையை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

3. ரோஸ்டரில் வரிசை போடுங்கள்

முதல் வாரம் காலை ஷிஃப்ட், பார்ப்பதற்கு மட்டும். ரவுண்ட்ஸ், கேஸ் ஷீட், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பழகட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து மாலை ஷிஃப்ட், செய்வதற்கு. காலையில் ஆட்கள் நிறைய இருப்பார்கள், ஆனால் நின்று சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. மாலையில்தான் ஒரு ஊசியை நிதானமாகப் போடவிட முடியும்.

நைட் டூட்டி கடைசியில், அதுவும் கூட ஒரு சீனியரோடு. ஆள் பற்றாக்குறையில் இரண்டாம் வாரமே தனியாக நைட் போடச் சொல்லி நெருக்குவார்கள். முடிந்தவரை மறுத்துப் பாருங்கள். முடியாவிட்டால், பக்கத்து வார்டு சீனியர் இரவில் இரண்டு முறை வந்து பார்க்க ஏற்பாடு செய்து, அதைப் புதியவரிடம் பெயர் சொல்லித் தெரிவியுங்கள். அடித்தளம் இல்லாத நேரத்தில் வரும் முதல் தோல்வி ஆழமாகப் பதியும். நாலு வெற்றிக்குப் பிறகு வரும் தோல்வியை ஆள் தாங்கிக்கொள்வார்.

4. செய்து காட்டுங்கள், வாயையும் திறந்து வையுங்கள்

செய்து காட்டுபவர் புதியவருக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பவராக இருக்க வேண்டும். இருபது வருட சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவதைப் பார்த்தால், ‘அவங்க வேற, நாம வேற’ என்றுதான் தோன்றும். போன வருடம் இதே இடத்தில் திணறியவர் இன்று செய்வதைப் பார்த்தால், ‘அவங்களால முடிஞ்சா என்னாலயும் முடியும்’ என்று மனசு சொல்லும்.

கை செய்வது கண்ணுக்குத் தெரியும், மூளை முடிவெடுப்பது தெரியாது. அதனால் ஒவ்வொரு முடிவையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வென்ஃப்ளானையே எடுத்துக்கொள்வோம், ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காக ஊசியோடு உள்ளே விடும் சின்னக் குழாய். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவரின் கை. நரம்பு (ரத்தக் குழாயைத்தான் வார்டில் இப்படிச் சொல்கிறோம்) புடைத்துக்கொண்டு தெரிகிறது, ஆனால் தோல் தடிப்பு, தொட்டால் நரம்பு வழுக்கி நகர்கிறது. காட்டுபவர் இப்படிச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்:

‘இந்த நரம்பு ஓடும். அதனால கீழ தோலை இழுத்துப் பிடிக்கிறேன். ஸ்பிரிட் காயட்டும்னு நிக்கிறேன், ஈரத்தோட குத்தினா எரியும். ட்ரிப்ஸ்தான் போகுது, அதனால ரோஸ் கலர் சின்ன சைஸ் போதும். அடிபட்டு வந்து வேகமா ஏத்தணும்னா பச்சை கலர் பெரிய சைஸ் எடுத்திருப்பேன். இதோ ரத்தம் தெரியுது. இப்ப நிறுத்த மாட்டேன். சாய்வைக் குறைச்சு இன்னும் துளி உள்ள போறேன், ஏன்னா ஊசி முனைதான் உள்ள இருக்கு, குழாய் முனை இன்னும் வெளிய இருக்கு. இப்ப ஊசியை அசைக்காம குழாயை மட்டும் தள்றேன்.’

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான். ரத்தம் தெரிந்த சந்தோஷத்தில் ஊசியை உருவிவிடுவார்கள், அல்லது ஊசியோடு சேர்த்து உள்ளே அழுத்தி நரம்பைக் கிழித்துவிடுவார்கள். ‘எனக்குக் கை ராசி இல்ல’ என்று முடிவு கட்டிக்கொள்வார்கள். குறை ராசியில் இல்லை, அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு அசைவில் இருக்கிறது. அது தெரிந்த நிமிடமே பாதி பயம் போய்விடும்.

5. பக்கத்தில் நில்லுங்கள், கையை நீட்டாதீர்கள்

புதிய இன்சார்ஜ்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். புதியவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் அந்தச் சில நொடிகள் நமக்குத் தாங்காது. ‘கொடும்மா, நான் போடுறேன்’ என்று வாங்கிவிடுவோம். நோயாளிக்கு நல்லது செய்ததாகத் தோன்றும். புதியவருக்கு அதில் போய்ச் சேரும் செய்தி, ‘உன்னால் ஆகாது’.

எப்போது கை நீட்டுவீர்கள் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் வைத்திருக்கும் விதிகள் மூன்று: நோயாளிக்கு ஆபத்து என்றால் உடனே வாங்குவேன், இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் வேறு ஆள் போடுவார், அது யாராக இருந்தாலும், ‘அக்கா, வாங்க’ என்று புதியவரே கூப்பிட்டால் வருவேன். இதைத் தவிரக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். இரண்டு முறை என்பது சீனியருக்கும் உண்டு என்பது முக்கியம். அப்போதுதான் ஊசியைக் கொடுப்பது தோல்வியாகத் தெரியாது.

மேற்பார்வையை எவ்வளவு நம்பிக்கை வந்தாலும் விடக்கூடாத இடங்களும் உண்டு. இன்சுலின் அதில் ஒன்று. நம்மிடம் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) இருக்கிறது, 100 யூனிட் உள்ள வயலும் இருக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 10 யூனிட் இல்லை, 25 யூனிட். பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான், கரைக்காமல் நேராக நரம்பில் தள்ளவே கூடாது. இந்த மருந்துகளை வார்டில் யார் எடுத்தாலும் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். புதியவரை மட்டும் சரிபார்த்தால் அது அவமானம், எல்லாரையும் சரிபார்த்தால் அது வழக்கம்.

6. திருத்துவதும் பாராட்டுவதும்

நோயாளி முன்னால், அட்டெண்டர் முன்னால், டாக்டர் முன்னால் திருத்தாதீர்கள். அவசரம் என்றால் ‘நிறுத்தும்மா, ஒரு நிமிஷம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, மீதியை ட்ரீட்மெண்ட் ரூமில் பேசுங்கள். ஒருமுறை நோயாளி முன் குரல் உயர்ந்தால் அந்த நோயாளி அடுத்த ஊசிக்கு ‘வேற சிஸ்டரைக் கூப்பிடுங்க’ என்பார். அதன்பின் புதியவருக்குச் செய்து பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

திருத்தும்போது ஆளைச் சொல்லாமல் அசைவைச் சொல்லுங்கள். ‘உனக்கு எத்தனை தடவை சொல்றது?’ என்பதால் எதுவும் மாறாது. ‘தோலை இழுத்துப் பிடிக்காம குத்தினே, அதான் நரம்பு ஓடிடுச்சு’ என்றால் அடுத்த முறை மாறும்.

பாராட்டும் அப்படித்தான். ‘வெரி குட்’ என்பது காற்றோடு போகும். ‘பிபி குறையுதுன்னு டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டாவது லைன் போட்டு வச்சியே, அது நல்ல முடிவு’ என்றால் அவருக்குத் தான் எதில் நன்றாக இருக்கிறோம் என்று தெரியும். செய்யாததற்குப் பாராட்டாதீர்கள், பொய் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நிஜப் பாராட்டும் செல்லாது.

7. இரவில் டாக்டரைக் கூப்பிடப் பழக்குங்கள்

ஊசி போடுவதைவிடப் புதியவர்கள் அதிகம் பயப்படுவது இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்புவதற்கு. திட்டு விழும் என்ற பயத்தில் அரை மணி நேரம் தள்ளிப்போடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் ஒரு உயிர் போகலாம்.

நான்கு வரிகளை எழுதி வைத்துவிட்டுப் போனை எடுக்கச் சொல்லுங்கள்: இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும்.

‘சார், ஆண்கள் வார்டு, 12-ஆம் பெட். ஆக்சிஜன் சாச்சுரேஷன் 86-க்கு வந்துடுச்சு, மூச்சு நிமிஷத்துக்கு 32. நிமோனியாவுக்கு நேத்து சேர்த்தவர். மாஸ்க்ல ஆக்சிஜன் போட்டும் 90 தாண்டல. நிலைமை மோசமாகுதுன்னு நினைக்கிறேன். நீங்க இப்ப வந்து பாக்கணும் சார்.’

கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் பேசினால் ‘சரி, பார்த்துக்கோங்க’ என்று போன் வைக்கப்பட்டுவிடும். இதைப் பகலில் உங்களை டாக்டராக வைத்து நாலைந்து முறை சத்தமாகப் பேசிப் பழக வையுங்கள். நடுவில் எரிச்சலாகக் குறுக்கிடவும் செய்யுங்கள், நிஜத்தில் அப்படித்தான் இருக்கும்.

கூடவே ஒரு வாக்குறுதி கொடுங்கள்: ‘கூப்பிட்டதுக்காக யார் சத்தம் போட்டாலும் காலையில நான் பேசிக்கிறேன்.’ காலையில் மறக்காமல் பேசவும் வேண்டும். ஒருமுறை நீங்கள் பின்வாங்கினால் அந்த வார்டில் இரவில் யாரும் போனைத் தொட மாட்டார்கள்.

8. தப்பு நடந்த நாளில்

வரிசை இதுதான்: முதலில் நோயாளி, அடுத்து டாக்டருக்குத் தகவல், அடுத்து கேஸ் ஷீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவது, அதன் பிறகுதான் புதியவரிடம் பேச்சு. கோபத்தில் நான்காவதை முதலில் செய்பவர்கள் உண்டு. கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளி காத்திருக்கிறார்.

பேசும்போது ‘ஏன் செய்தாய்’ என்று தொடங்காமல் ‘என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு’ என்று கேளுங்கள். இரண்டு வயல்களும் ஒரே தட்டில் இருந்தது, நடுவில் யாரோ கூப்பிட்டது போன்ற விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக வழிநடத்தப்பட்ட வார்டுகளில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தப்பு அதிகம் நடந்ததால் அல்ல, பயமில்லாமல் சொல்ல முடிந்ததால் என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் வார்டில் மாதக்கணக்கில் ஒரு தப்பும் காதுக்கு வரவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள்.

அதே வேலையை ஓரிரு நாளுக்குள் அவரிடமே திரும்பக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று. தப்பு செய்தவரை அந்த வேலையிலிருந்து ஒதுக்குவது இரக்கம் போலத் தோன்றும். ஒதுக்கினால் அவர் மனதில் அந்த வேலை தோல்வியோடேயே உறைந்துவிடும்.

9. உடம்பைக் கவனியுங்கள்

சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் ஆறு மணி நேரம் நிற்பவருக்குப் படபடப்பு வரும். அவர் அதை ‘எனக்கு இந்த வேலை தெரியவில்லை’ என்று எடுத்துக்கொள்வார். பத்து நிமிடம் சாப்பிட அனுப்புங்கள், போ என்று சொல்லி அனுப்புங்கள், தானாகப் போக மாட்டார்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து எண்ணூர், மணலி பக்கம் போக வேண்டியவர் பஸ் கிடைக்குமா என்ற கவலையில் ஓவர் கொடுப்பதை (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை) அவசரமாக முடிப்பார். அவருக்குப் பத்து நிமிடம் முன்னதாக ஓவர் எடுக்க ஆள் வையுங்கள்.

எமர்ஜென்சி ட்ராலியையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் ஊதுகிறதா, அட்ரினலின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தினமும் புதியவரையே பார்க்கச் சொல்லுங்கள். இதயம் நின்ற நோயாளி முன்னால் கை நடுங்கும்போதும், கை தானாகச் சரியான தட்டுக்குப் போகும்.

10. மறுபடி அளந்து, பிடியைத் தளர்த்துங்கள்

ஆறாவது வாரத்தில் அதே பட்டியலை மறுபடி கொடுங்கள். பழைய தாளைக் காட்டாதீர்கள், போட்டு முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 என்று போட்ட இடத்தில் 70 வந்திருப்பதைத் தன் கையெழுத்திலேயே பார்ப்பது நீங்கள் சொல்லும் எந்தப் பாராட்டைவிடவும் பலமாக இறங்கும். சில இடங்களில் மதிப்பெண் இறங்கியும் இருக்கும். வேலையின் முழுக் கஷ்டம் இப்போதுதான் புரிந்திருக்கிறது என்று அர்த்தம், கவலைப்பட வேண்டாம்.

நகராத வேலைகளைச் சின்னதாக வெட்டுங்கள். ‘ரத்தம் ஏற்றுதல்’ நகரவில்லை என்றால், பையைச் சரிபார்ப்பது தனி, லைன் போடுவது தனி, முதல் பதினைந்து நிமிடம் பக்கத்தில் நின்று கவனிப்பது தனி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கேளுங்கள். எந்தத் துண்டில் மாட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கிருந்து நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

80-க்கு மேல் வந்து, உங்கள் மதிப்பெண்ணும் அதோடு ஒத்துப்போகும் வேலைகளில் மேற்பார்வையை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன் என்று அவரிடமும் மற்ற ஷிஃப்ட் சீனியர்களிடமும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் இன்னும் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார், சீனியர்களும் ஊசியை வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்த பேட்ச் வரும்போது செய்து காட்டும் ஆளாக இவரையே போடுங்கள். அந்த நாளுக்கான ரோஸ்டரில் இவருக்கு இரண்டு பெட் குறைத்துக் கொடுங்கள், சொல்லிக்கொடுக்கவும் நேரம் வேண்டும்.